செவ்வாயில் ஐந்து கொம்யூன்

கண்ணை மூடிக்கிட்டுக் கற்பனை பண்ணுங்கன்னு சொல்ல ஆசைதான், ஆனா மூடினா மேற்கொண்டு படிக்க முடியாதே! அதனால திறந்த கண்ணோடயே என்கூட வாங்க. செக்கச்செவேல்னு ஒரு பொட்டல். கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் ஒரு புல் கிடையாது, ஒரு காக்கா கிடையாது, குடிக்கச் சொட்டுத் தண்ணி கிடையாது, மூச்சு விடக் காத்தே கிடையாது. மேலேர்ந்து தீயைக் கக்கிக்கிட்டு ஒரு ராக்கெட் இறங்குது. திரை பூரா செம்புழுதி. புழுதி அடங்கி, கதவு திறக்குது. மனுஷன் ஒருத்தனும் வரலை. குட்டிக் குட்டி ட்ரோன்கள் இறங்குது. கல்யாண வீட்டுப் பந்தியில சாம்பார் வாளியோட ஓடற பசங்க மாதிரி, ஒண்ணை ஒண்ணு இடிக்காம, ஒண்ணு பைப்பு போட, ஒண்ணு ஒயர் இழுக்க, ஒண்ணு சோலார் பலகையை நிறுத்தன்னு ஓட ஆரம்பிக்குது பாருங்க, அப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துடும். இதை எழுதறப்பவும் சிலிர்க்குது, சத்தியமா.

'சர்வைவிங் மார்ஸ்'. பேரைச் சொல்லிட்டேன், இனிமே என்னை யாராலயும் நிறுத்த முடியாது. பல்கேரியாவுல இருக்கற ஹேமிமாண்ட் கேம்ஸ் உருவாக்கி, பாரடாக்ஸ் 2018 மார்ச்சுல வெளியிட்ட கேம். 2021 மார்ச்சுல எபிக் கேம்ஸ் இணையக் கடையில கொஞ்ச நாள் இலவசமாவே கொடுத்தாங்க. வில்லியனூர்ல இருக்கற என் சித்தப்பா பையன் "அண்ணே, சும்மா கிடைக்குது, இறக்கி வெச்சிருக்கேன், ஒருவாட்டி பாரு"ன்னான். பார்த்தேன். அவ்வளவுதான், போச்சு. எனக்கு வீடு பாகூர்ல, மோட்டார் ரீவைண்டிங் கடை வில்லியனூர்ல. பகல்ல காயில் கட்டறவன், ராத்திரியில செவ்வாய்க்குத் தண்ணி கொண்டு போறவன். இப்ப யாராவது என்ன தொழில்னு கேட்டா ரெண்டையும் சேர்த்துச் சொல்லத்தான் வாய் வருது, பொண்டாட்டி முறைக்கறதால அடக்கிக்கறேன்.

முதல்ல ஸ்பான்சர் யாருன்னு தேர்ந்தெடுக்கணும். அமெரிக்கா, சீனா, ரஷ்யா, ஐரோப்பான்னு பட்டியல் ஓடுது, நடுவுல பார்த்தா, இந்தியா! நாற்காலியில உட்கார்ந்திருந்த நான் எழுந்தே நின்னுட்டேன். தெரியும், இது ஒரு கேம், பட்டியல்ல ஒரு வரி, அவ்வளவுதான். ஆனா 2014 செப்டம்பர் 24 காலையில மங்கள்யான் முதல் முயற்சியிலயே செவ்வாயைச் சுத்த ஆரம்பிச்சிடுச்சுன்னு டிவியில சொன்னப்ப, கடையில டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டுக் கை தட்டினவன் நான். 450 கோடி ரூபாய்ல செவ்வாய்க்குப் போன நாடு இது, பட்டியல்ல இல்லாம போயிடுமா? உடனே இந்தியாவைத் தட்டி, ராக்கெட்டுக்குப் பேரு கேட்டுச்சா, எங்க ஊர் மூலநாதர் பேரையே வெச்சுட்டேன். பல்லவர், சோழர் காலத்துலேர்ந்து பேரு வாங்கின சாமி, செவ்வாயையும் பார்க்கட்டுமே.

இப்ப ஏன் இந்தக் கேம் எனக்கு மட்டும் இப்படிப் பித்துப் பிடிக்க வைக்குதுன்னு சொல்றேன், இதுதான் முக்கியம், கவனமாக் கேளுங்க. மத்த கேம்ல எல்லாம் சிப்பாயைச் செய்யணும், கத்தியைச் செய்யணும், பக்கத்து ராஜாவைப் போட்டுத் தள்ளணும். இதுல எதிரின்னு ஒருத்தன் கிடையாது. தண்ணி, காத்து, கரண்ட். இந்த மூணும் ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேரணும், வழியில எங்கயும் ஒழுகக் கூடாது. அவ்வளவுதான் கேமே! இதை பாகூர்க்காரன்கிட்ட கொடுத்தா அவன் என்னத்துக்கு ஆவான்? தென்பெண்ணைத் தண்ணி சொர்ணாவூர் அணைக்கட்டுல திரும்பி, பங்காரு வாய்க்கால்ல ஓடி வந்து, பாகூர் ஏரியில சேர்ந்து, மதகு வழியாக் கிளை வாய்க்கால் பிரிஞ்சு, கடைமடை வயலுக்குப் போகுதா இல்லையான்னு பார்த்துப் பார்த்து வளர்ந்தவங்க நாங்க. புதுச்சேரியோட நெற்களஞ்சியம்னு எங்க ஊரைச் சொல்றாங்கன்னா அது அந்த ஏரியால. மேல இருக்கறவன் மதகை அடைச்சா கீழ இருக்கறவன் பயிர் காயும்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. செவ்வாயில பூமிக்கடியில உறைஞ்சு கிடக்கற தண்ணியை ஸ்கேன் பண்ணிக் கண்டுபிடிக்கணும், எடுக்கறதுக்கு எந்திரம் வைக்கணும், அங்கேர்ந்து ஜனங்க வாழற கண்ணாடி டோம் வரைக்கும் பைப்பு இழுக்கணும், நடுவுல டேங்க் கட்டணும், பைப்பு நீளம் ஏற ஏற எங்கயாவது ஒழுகும், ஒழுகினா அந்தப் பகுதியை மட்டும் அடைக்க வால்வு வெச்சிருக்கணும். முதல் தடவை அந்த வால்வைப் பார்த்தப்போ "மதகு! இவங்க மதகு வெச்சிருக்காங்கடா!"ன்னு நான் கத்தின கத்துல பக்கத்து அறையில தூங்கிக்கிட்டிருந்த அம்மா எழுந்து வந்து, "என்னடா, எந்த மதகு உடைஞ்சுது?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு நிஜமாவே பதறிப்போச்சு. செவ்வாயிலம்மான்னு சொல்ல எனக்கு வெட்கமா இருந்துச்சு, ஆனா சொன்னேன்.

மோட்டார் கட்டறவனுக்கு இன்னொரு சுகமும் இருக்கு. அதுல ஒவ்வொரு எந்திரமும் எவ்வளவு கரண்ட் தின்னுது, எத்தனை நாளைக்கு ஒருவாட்டி சர்வீஸ் கேட்குதுன்னு கணக்கு வரும். சோலார் பலகையில புழுதி படிஞ்சா உற்பத்தி விழும். ராத்திரி ஆனா சோலார் படுத்துடும், பேட்டரியில சேர்த்து வெச்சதைத்தான் சாப்பிடணும். ஸ்டிர்லிங் ஜெனரேட்டர்னு ஒண்ணு இருக்கு, அடடா, அதைத் திறந்து விட்டா கூடுதலாக் கரண்ட் கொடுக்கும், ஆனா புழுதி உள்ள போகும், மூடி வெச்சா கொஞ்சமாக் கொடுக்கும், நீண்ட நாள் உழைக்கும். திறக்கறதா மூடறதா? இந்த ஒரு கேள்வியை வெச்சுக்கிட்டு நானும் சித்தப்பா பையனும் வில்லியனூர் ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல டீக்கடையில பேசிக்கிட்டே நின்னதுல புதுச்சேரி-விழுப்புரம் பாசஞ்சர் வந்ததும் தெரியாது போனதும் தெரியாது.

காத்துக்கு ஒரு எந்திரம் உண்டு, பேரு மாக்ஸி. செவ்வாய்க் காத்துல 95 சதவீதம் கரியமில வாயு. அதைப் பிரிச்சு ஆக்சிஜன் எடுக்கற கருவி அது. கேம்தானே, சும்மா அடிச்சு விட்டிருப்பாங்கன்னு நினைச்சேன். 2021 ஏப்ரல்ல பேப்பர்ல செய்தி: நாசாவோட பெர்சிவரன்ஸ் வண்டியில இருந்த மாக்ஸி கருவி நிஜச் செவ்வாயில நிஜ ஆக்சிஜன் எடுத்துடுச்சு! ஒரு மனுஷன் பத்து நிமிஷம் மூச்சு விடறதுக்கு ஆகற அளவு, அஞ்சு கிராம் சொச்சம். அஞ்சு கிராம்னு நீங்க சிரிப்பீங்க. நான் அந்தப் பேப்பரை மடிச்சு வார்னிஷ் டப்பாவுக்குப் பக்கத்துல வெச்சு, கடைக்கு வந்தவங்க கிட்ட எல்லாம் காட்டினேன். எரிஞ்சுபோன நீர்மூழ்கி மோட்டாரைத் தோள்ல சுமந்துக்கிட்டு வந்த ஒரு பெரியவர் பொறுமையாக் கேட்டுட்டு, "அதெல்லாம் சரி தம்பி, என் மோட்டாரு எப்ப ஓடும்?"னாரு.

இப்ப புயலுக்கு வருவோம். இருங்க, முதல்ல ஒரு மடக்கு தண்ணி குடிச்சுக்கறேன். திரையோட ஓரத்துல ஒரு சின்ன அறிவிப்பு வரும்: புழுதிப் புயல் நெருங்குது. நேரம் குறைஞ்சுக்கிட்டே வரும். புயல் வந்தா மாக்ஸி வேலை செய்யாது, காத்துலேர்ந்து ஈரம் உறிஞ்சற எந்திரம் வேலை செய்யாது, சோலார் சுருங்கிடும். கையில இருக்கற டேங்க்ல எவ்வளவு ஆக்சிஜன், எத்தனை பேர் மூச்சு விடறாங்க, எத்தனை சோல் தாங்கும்னு கணக்குப் போடணும். சோல்னா செவ்வாயோட ஒரு நாள், நம்ம நாளைவிட முப்பத்தொன்பது நிமிஷம் கூட. கற்பனை பண்ணுங்க, வானம் இருட்டுது, செம்மண் சுழல் சுழலா வந்து டோமோட கண்ணாடியில மோதுது, ஸ்பீக்கர்ல அந்த ஊளைச் சத்தம், உள்ள விளக்கு மங்கி மங்கி எரியுது, ஆக்சிஜன் டேங்க் பாதி, கால், கால்ல பாதி, நான் உணவகத்துக்குக் கரண்ட்டை நிறுத்தறேன், கடையை மூடறேன், சுரங்கத்தை மூடறேன், ஒவ்வொண்ணா அணைச்சுக்கிட்டே வந்து, டோம்ல மூச்சு விடறது மட்டும் நிக்காம பார்த்துக்கறேன், பனியனெல்லாம் வேர்த்து ஒட்டிக்கிச்சு, ஃபேனைப் போட மறந்துட்டேன். தானே புயல் ராத்திரியைப் பார்த்தவங்களுக்கு இந்த ஊளை புதுசு இல்லை. 2011 டிசம்பர் 30 விடியக்காலையில புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவுல கரையைக் கடந்து எங்க தென்னையை எல்லாம் முறிச்சுப் போட்டது அது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல், அப்புறம் தென்பெண்ணை பெருக்கெடுத்து பாகூர் பக்கம் எல்லாம் வெள்ளம். புயலுக்கு அப்புறம் என் கடையில ஈரம் ஏறின மோட்டார் வாசல் வரைக்கும் அடுக்கிக் கிடக்கும். அந்த அனுபவம்தான் சொல்லுது: இந்தக் கேமைச் செஞ்ச பல்கேரியாக்காரன் ஒரு புயலாவது பார்த்திருக்கணும். இல்லைன்னா புயல் முடிஞ்சப்புறம் வர்ற அந்த அரை நாள் அமைதியும், எந்திரம் ஒண்ணொண்ணா ரிப்பேர் கேட்டுச் சிவப்பு விளக்கு போடறதும் அவனுக்கு எப்படித் தெரியும்?

இன்னொண்ணு சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. கேம் வெளிவந்தது 2018 மார்ச். அதே வருஷம் ஜூன்ல நிஜச் செவ்வாயைப் பெரிய புழுதிப் புயல் சூழ்ந்துக்கிச்சு. 2004 ஜனவரியில இறங்கி, தொண்ணூறு சோல் ஓடினாப் போதும்னு அனுப்பின ஆப்பர்ச்சூனிட்டி வண்டி, பதினாலு வருஷத்துக்கு மேல ஓடிக்கிட்டிருந்தது, அந்தப் புயல்லதான் சோலார் கிடைக்காம மௌனமாயிடுச்சு. அதைப் படிச்சதுலேர்ந்து கேம்ல புயல் முடிஞ்ச உடனே ட்ரோனை அனுப்பி முதல்ல ரோவரோட புழுதியைத்தான் தட்டச் சொல்றேன். ஆட்டத்துக்கு அது தேவையே இல்லை. மனசு கேட்கலை.

சரி, மனுஷங்க எப்ப வருவாங்க? வருவாங்க! டோம் கட்டி, தண்ணி காத்து கரண்ட் எல்லாம் ஓடுதுன்னு உறுதி ஆனப்புறம், பூமியிலேர்ந்து விண்ணப்பம் போட்டவங்கள்ல பன்னிரண்டு பேரை நாமே தேர்ந்தெடுக்கணும். ஒவ்வொருத்தருக்கும் வயசு, படிப்பு, குணம். ஒருத்தர் சோம்பேறி, ஒருத்தர் குடிப்பழக்கம் உள்ளவர், ஒருத்தர் எப்பவும் புலம்பறவர், ஒருத்தர் ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடறவர். எங்க தெருவே விண்ணப்பம் போட்டிருக்குன்னு நினைச்சேன். சோம்பேறியை ஒதுக்குங்கன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்வாங்க. நான் ஒதுக்கலை, ஒரு ஊர்னா நாலு சோம்பேறி இல்லாம எப்படி? அவங்க வந்து இறங்கினதுலேர்ந்து பத்து சோல் சோதனைக் காலம். அவங்க பிழைச்சாத்தான் பூமி அடுத்த ஆளுங்களை அனுப்பும். அந்தப் பத்து சோல் நான் கீ-போர்டைத் தொடவே பயந்தேன்.

அப்புறம் ஒருநாள், என்னால இதைச் சாதாரணமாச் சொல்ல முடியாது, மன்னிச்சுக்கணும், செவ்வாயில முதல் குழந்தை பிறந்துச்சு. டோமுக்குள்ள மனுஷங்களுக்கு வசதி இருக்கணும், மனசு சந்தோஷமா இருக்கணும், அப்பத்தான் குழந்தை பிறக்கும். நான் கொண்டு வந்த தண்ணியில, நான் பிரிச்ச காத்துல, நான் சேர்த்து வெச்ச கரண்ட்ல ஒரு குழந்தை பிறந்திருக்கு, அதுக்குப் பூமின்னா என்னன்னே தெரியாது, அது பூமியை நினைச்சு ஏங்கவும் ஏங்காது, ஏன்னா அதுக்குச் செவ்வாய்தான் ஊர்! கேம்லயே அப்படித்தான் வெச்சிருக்காங்க: பூமியிலேர்ந்து வந்தவங்களுக்கு வசதி குறைஞ்சா ஏக்கம் பிடிச்சு அடுத்த ராக்கெட்ல ஏறிப் போயிடுவாங்க, அங்கயே பிறந்தவங்க போகவே மாட்டாங்க. பாரிஸ் பக்கத்துல குடியேறின எங்க மாமா இன்னமும் வில்லியனூர்த் தேர் என்னிக்குன்னு போன் போட்டுக் கேட்பார், குரல் கம்மிடும். அங்கேயே பிறந்த அவர் பிள்ளைங்க கேட்கறதில்லை. எனக்கு ரெண்டு தரப்பும் அந்த நிமிஷம் புரிஞ்சுபோச்சு. நடுராத்திரியில எழுந்து போய் சாமி ரூம்லேர்ந்து கல்கண்டு எடுத்து வாயில போட்டுக்கிட்டேன். சிரிங்க, பரவாயில்லை. மறுநாள் கடையில எல்லாருக்கும் லட்டு. எதுக்குண்ணேன்னாங்க. வீட்ல விசேஷம்னுட்டேன்.

டோம் ஒண்ணு அஞ்சாச்சு. பேர் வைக்கணுமே? பாகூர், வில்லியனூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு. புதுச்சேரி கிராமப்புறத்தோட அஞ்சு கொம்யூனும் செவ்வாயில ஆஜர்! பாகூர் டோம்ல முழுக்கப் பண்ணை, வேற என்ன வைக்க முடியும்? வில்லியனூர் டோம்ல எந்திர உதிரிபாகம் செய்யற தொழிற்சாலை, அது என் கடை பாசம். டோமையும் டோமையும் கண்ணாடி நடைபாதையால இணைக்கலாம், இணைச்சேன், பாகூர் ஆள் நடந்தே வில்லியனூர் போய் வேலை பார்த்துட்டு வர்றான், நடுவுல தவளக்குப்பம் டிராஃபிக் கிடையாது, ஸ்பீட் பிரேக்கர் கிடையாது, மழைக்காலத்துப் பள்ளம் கிடையாது. கேமோட ரேடியோவுல அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டெல்லாம் ஓடும், அதை நிறுத்திட்டு இளையராஜாவைப் போட்டுட்டு, மூணு மடங்கு வேகத்துல சூரியன் உதிச்சு மறையறதைச் சும்மா பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கறது இருக்கே, நான் அனுபவிச்சதுல அதுக்கு ஈடு எதுவும் இல்லை. குறை இல்லையான்னு கேட்பீங்க. ஆரம்பத்துல சொல்லிக் கொடுக்கறது போதாது, தட்டுத் தடுமாறித்தான் கத்துக்கணும். டோம் கூடக் கூட லேப்டாப் ஃபேன் அலறும். போதுமா? அடுத்த விஷயத்துக்குப் போகலாம்.

குடியேற்றக் கேம்னு சொன்ன உடனே முகத்தைச் சுளிக்கறவங்களை எனக்குத் தெரியும். சுளிக்கலாம், நியாயம் இருக்கு. சிட் மெயர் 1994-ல 'காலனைசேஷன்'னே ஒரு கேம் கொண்டு வந்தாரு, ஐரோப்பாக்காரன் கப்பல் ஏறி அமெரிக்காவுல போய் இறங்கற கதை. அதை நான் ஆரம்பிச்சுட்டு மூடி வெச்சுட்டேன். எங்க தாத்தா பிரெஞ்சுக்காரன் ஆட்சியில பிறந்தவர். வில்லியனூர்லேர்ந்து கொஞ்ச தூரத்துல கீழூர் இருக்கு. 1954 அக்டோபர் 18, அங்கதான் 178 பிரதிநிதிங்க கூடி ஓட்டுப் போட்டாங்க, 170 பேர் இந்தியாவோட சேரணும்னு, எட்டுப் பேர் வேண்டாம்னு. நவம்பர் 1 ஆட்சி கை மாறிடுச்சு. அந்த மண்ணுல நின்னுக்கிட்டு இன்னொருத்தன் ஊர்ல கொடி நடற கேமை ஆட எனக்கு மனசு வரலை. செவ்வாயில அந்தச் சங்கடம் கிடையாது. யார் நிலத்தையும் பிடுங்கலை, யார் கிணத்தையும் தூர்க்கலை. வெறும் கல்லு, அதுல ஒரு ஊர். நிம்மதியா ஆடலாம்.

ஆனா வேற கிரகத்துல நடக்கற ஒரு கேம்கூட என்னைக் கேள்வி கேட்டுச்சு. 'ஆல்ஃபா சென்டாரி', 1999, ஃபிராக்ஸிஸ், வடிவமைச்சவர் பிரையன் ரெனால்ட்ஸ். பூமி நாசமாகி, ஐக்கிய நாடுகளோட 'யூனிட்டி' கப்பல்ல மனுஷங்க வேற நட்சத்திரத்துக்குக் கிளம்பறாங்க, போற வழியிலயே அடிச்சுக்கிட்டு ஏழு கூட்டமாப் பிரிஞ்சு இறங்கறாங்க. அதுல அமைதிப்படைக்குத் தலைவர் யார் தெரியுமா? கமிஷனர் பிரவின் லால், நம்ம இந்தியாக்காரர், டாக்டர்! பிரவுசிங் சென்டர்ல மணிக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்து உட்கார்ந்த காலத்துல, அந்த முகத்தைத் திரையில பார்த்து நான் குதிச்ச குதி எனக்குத்தான் தெரியும். பதினஞ்சு வருஷம் கழிச்சு 2014-ல வந்த 'பியாண்ட் எர்த்'ல கவிதா தாக்கூர்னு இன்னொரு தலைவி நம்ம பக்கத்துலேர்ந்து. சரி, ஆல்ஃபா சென்டாரிக்கு வர்றேன். அவங்க இறங்கின கிரகத்துல செம்மண் நிறத்துல ஒரு பூஞ்சை படர்ந்து கிடக்கும். அழிச்சுட்டுத் தொழிற்சாலை கட்டலாம், சுரங்கம் தோண்டலாம், ஜோராப் போகும், திடீர்னு பூஞ்சைக்குள்ளேர்ந்து மூளைப் புழுக்கள் கூட்டம் கூட்டமாக் கிளம்பி வந்து ஊரைத் தின்னும். எவ்வளவு புகை விடறோமோ அவ்வளவு புழு. போகப் போகத்தான் தெரியும், அந்தக் கிரகமே ஒரு உயிர், அது யோசிக்குது, அதுக்கு வலிக்குது. ஐயோ, அதைப் புரிஞ்சுக்கிட்ட அந்தக் கணம்! கேம்னு நினைச்சு உட்கார்ந்தேன், எழுந்தப்ப என் தலைக்குள்ள எல்லாமே இடம் மாறிக் கிடந்துச்சு. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தின கேம், படம் எல்லாம் இப்ப பார்த்தா மங்கல்தான், ஆனாலும் இன்னிக்கும் ஒரு சுத்து, இன்னும் ஒரே ஒரு சுத்துன்னு விடிஞ்சுடும்.

'ரிம்வேர்ல்ட்' பத்தி ரெண்டு வரி, இல்லைன்னா சித்தப்பா பையன் சண்டைக்கு வருவான். டைனன் சில்வெஸ்டர் செஞ்சது, பழைய லேப்டாப்லயும் ஓடும். எங்கயோ ஒரு ஓரத்துக் கிரகத்துல மூணு பேர் விழுந்து பிழைக்கறாங்க, கொள்ளைக்காரன் வர்றான், பயிர் கருகுது, ஒருத்தனுக்கு ஒருத்தி மேல காதல், அவளுக்கு இன்னொருத்தன் மேல. எல்லாத்தையும்விட எனக்குப் பிடிச்சது, சாப்பிட மேசை போடலைன்னா அவங்களுக்கு மனசு ஒடிஞ்சு போகும்! மேசை இல்லாம சாப்பிட்டேன்னு வருத்தக் கணக்குல ஒரு வரி ஏறும். தரையில இலை போட்டு மூணாவது பந்தி வரைக்கும் காத்திருந்து சாப்பிடற ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு இதைப் படிச்சா எப்படிச் சிரிப்பு வரும், சொல்லுங்க.

சர்வைவிங் மார்ஸுக்கே திரும்பறேன், ஏன்னா உச்சம் இன்னும் வரலை. 2019 மே மாசம் 'கிரீன் பிளானட்'னு ஒரு சேர்க்கை வந்துச்சு. செவ்வாயையே பச்சையாக்கலாம்! காத்து மண்டலம், வெப்பம், தண்ணி, தாவரம், நாலுக்கும் தனித்தனியாச் சதவீதக் கோடு. தொழிற்சாலை வெச்சு வெப்பத்தை ஏத்தி, காத்தைக் கெட்டியாக்கி, ஏரி வெட்டி (ஏரி! எனக்குன்னே செஞ்ச மாதிரி!), விதை தூவணும். முதல்ல பாசி படரும். அப்புறம் புல். அப்புறம் புதர். கடைசியாத்தான் மரம். இந்த வரிசையைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டுச்சு, இதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கேனே! வண்டியை எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை ஆரோவில் பக்கம் போனேன். 1968 பிப்ரவரி 28 அன்னிக்கு அங்க அடிக்கல் நட்டப்போ அது மரமே இல்லாத செம்மண் மேடு, மழை பெஞ்சா மண்ணு கரைஞ்சு கடலுக்குப் போகும், பள்ளத்தாக்கா அரிச்சுக் கிடக்கும். வந்தவங்க முதல்ல வரப்புக் கட்டி, சின்னத் தடுப்பணை கட்டி, விழுந்த மழையை அங்கேயே நிறுத்தினாங்க. அப்புறம் வேகமா வளர்ற அகேசியா வகை மரங்களை நட்டு நிழல் உண்டாக்கி, அந்த நிழல்ல இந்தக் கரையோரத்துக்கே சொந்தமான காட்டு மரங்களை நட்டாங்க. இன்னிக்கு உள்ள போனா வெயில் தரையில விழாது. நான் அந்தக் காட்டுக்குள்ள நின்னுக்கிட்டு, பக்கத்துல செம்மண் அரிச்ச ஓடையில காலை வெச்சுக்கிட்டு, கையில மண்ணை அள்ளிப் பார்க்கறேன், அதே நிறம், என் லேப்டாப்ல ராத்திரி பூரா பார்க்கற அதே நிறம், முன்னாடி இருக்கறது ஆட்டத்தோட ஆரம்பம், பின்னாடி இருக்கறது ஆட்டத்தோட முடிவு, நடுவுல நான், கடையில எத்தனை மோட்டார் கிடந்தாலும் பரவாயில்லைன்னு தோணிப்போச்சு, நேரா வீட்டுக்கு வந்து விட்ட இடத்துலேர்ந்து ஆட ஆரம்பிச்சேன், காத்துக் கோடு ஏறிக்கிட்டே வருது, ஏறிக்கிட்டே வருது, கடைசியா ஒரு அறிவிப்பு: வெளிக்காத்தை மனுஷன் சுவாசிக்கலாம், டோமைத் திறக்கலாம். திறந்தேன்! பாகூரைத் திறந்தேன், வில்லியனூரைத் திறந்தேன், நெட்டப்பாக்கத்தையும் மண்ணாடிப்பட்டையும் அரியாங்குப்பத்தையும் திறந்தேன், கண்ணாடிக் கூரை விலகி ஜனங்க எல்லாம் திறந்த வானத்துக்குக் கீழ நிக்கறாங்க, அன்னிக்கு நான் அழுதேன். கேம் ஆடி அழற வயசா இதுன்னு பொண்டாட்டி கேட்டா. அப்புறம் அவளே பக்கத்துல உட்கார்ந்து, "அந்த ஏரி ஓரமா இன்னும் ரெண்டு மரம் வை, வெறிச்சுன்னு இருக்கு"ன்னா. வெச்சேன்.

இதெல்லாம் கற்பனை, நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு யாரும் என்கிட்ட பேச வராதீங்க. 2023 ஆகஸ்ட் 23 சாயந்திரம் நிலாவோட தென்பகுதியில சந்திரயான்-3 இறங்குச்சே, அந்தத் திட்டத்தோட இயக்குநர் ப. வீரமுத்துவேல் எந்த ஊரு? விழுப்புரம்! எங்க வில்லியனூர் ஸ்டேஷன்லேர்ந்து ரயில் ஏறினா கடைசி ஸ்டாப்பு. லேண்டரைச் சோதிக்க நிலா மண்ணு வேணும்னு இஸ்ரோ தேடினப்ப, அதே குணமுள்ள பாறை கிடைச்சது நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியிலயும் குன்னமலையிலயும். நிலாவுக்குப் போற வண்டி நம்ம ஊர் மண்ணுல ஓட்டிப் பழகியிருக்குங்க! இதுக்கு மேல என்ன சம்பந்தம் வேணும்?

கரண்ட் போனா? அதுக்கும் வழி இருக்கு. 'டெராஃபார்மிங் மார்ஸ்', 2016-ல ஸ்வீடன்காரர் யாக்கோப் ஃப்ரிக்ஸீலியஸ் செஞ்ச பலகை ஆட்டம். விலை கையைக் கடிக்கும், பிரான்ஸ்லேர்ந்து மாமா கொண்டு வந்தாரு. மேசையில செவ்வாய் வரைபடம், கையில சீட்டு. வெப்பத்தை மைனஸ் முப்பதுலேர்ந்து பிளஸ் எட்டுக்கு ஏத்தணும், ஆக்சிஜனைப் பதினாலு சதவீதத்துக்குக் கொண்டு வரணும், ஒன்பது கடல் நிரப்பணும். 208 திட்டச் சீட்டு இருக்கு, அதுல பாசி வளர்க்கற சீட்டு உண்டு, மீன் விடற சீட்டு உண்டு, வால்நட்சத்திரத்தைக் கொண்டு வந்து மோத வைக்கற சீட்டு உண்டு, அட, செல்லப் பிராணி வளர்க்கற சீட்டுகூட உண்டு, அதை யாராலயும் பறிக்க முடியாது, எங்க அம்மா அந்தச் சீட்டு வந்தா மட்டும்தான் ஆட்டத்துக்கு உட்காருவாங்க. இன்வெர்ட்டர் சத்தம்கூட இல்லாம, மெழுகுவத்தி வெளிச்சத்துல, வாசல்ல தவளை கத்தக் கத்த, நாங்க நாலு பேரு செவ்வாய்க்கு ஒன்பதாவது கடலை யார் ஊத்தறதுன்னு அடிச்சுக்கற அழகை நீங்க வந்து பார்க்கணும். அஞ்சு பேர் வரைக்கும் ஆடலாம், ஒரு இடம் காலியாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் பாகூர் ஏரிக்கரைப் பக்கம் வந்து ரீவைண்டிங் கடைக்காரர் வீடுன்னு கேளுங்க, காட்டுவாங்க. ஒவ்வொருத்தரும் ஒரு கார்ப்பரேஷனாத்தான் ஆடணும், எது வேணுமோ எடுத்துக்குங்க, ஈகோலைன் மட்டும் கேட்காதீங்க. மத்தவங்களுக்கு எட்டுச் செடி கொடுத்தாத்தான் ஒரு காடு, ஈகோலைனுக்கு ஏழே போதும். அது என்னோடது.